தம்பிக்கு ஒரு முகம்

என் தம்பியை வெட்டியபோது நான் தரையில் குப்புறக் கிடந்தேன். எப்படிச் செத்தான் என்று யார் கேட்டாலும் என்னால் சொல்ல முடிந்தது சத்தத்தை மட்டும்தான். ரப்பர் மரத்தில் கயிறு இறுகிய சத்தம். அவன் அவர்களை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டிய சத்தம். பிறகு திட்டு நின்றுபோய், அவர்களையே "அண்ணே, அண்ணே" என்று கெஞ்சிய சத்தம். அதற்கப்புறம் வந்த சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. எங்கேயாவது விறகு பிளக்கிறார்கள் என்றால் இன்றைக்கும் எழுந்து வேறு பக்கம் போய்விடுகிறேன்.

எங்கள் எஸ்டேட் மலாயாவில், கோலா பிலா ரோட்டை ஒட்டி இருந்தது. அவசரகாலம் என்று அரசாங்கம் பேர் வைத்திருந்த காலம். காட்டுக்குள் இருந்துகொண்டு வெள்ளைக்காரனோடு சண்டை போட்டவர்களை நாங்கள் காட்டுக்காரர்கள் என்போம். அவர்களுக்கு அரிசி கொடுத்தாயா என்று போலீஸ் அடிக்கும். ஏன் கொடுக்கவில்லை என்று அவர்கள் அடிப்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, விடிந்ததும் திறந்து பொழுது சாய்வதற்குள் பூட்டினார்கள். கடையில் பால் டின் வாங்கினால்கூடக் காட்டுக்குப் போகாமல் இருக்க ஓட்டை குத்தித்தான் கொடுப்பார்கள்.

வேலியோரம் அரிசி கேட்டு வந்த ஒருவனை என் தம்பி பிடித்து, பல் உதிர அடித்து, கட்டிப்போட்டு, போலீசில் கொடுத்துவிட்டான். பிடித்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் அடிக்க ஆரம்பித்தால் அவனுக்கு நிறுத்தத் தெரியாது. எங்கள் வீட்டில் அது பரம்பரைச் சொத்து.

காட்டுக்காரர்கள் வந்தது ரப்பர் பால் எடுக்கிற நேரத்தில். வெயில் நன்றாக ஏறியிருந்தது. எங்களை அவரவர் பால் வெட்டும் மர நிரையிலேயே குப்புறப் படுக்கச் சொன்னார்கள். எல்லோருடைய அடையாள அட்டையையும் பிடுங்கி ஒரே குவியலாகப் போட்டு எரித்தார்கள். என் தம்பியுடையதும் அதில் போயிற்று. பிறகுதான் அவனைக் கட்டினார்கள். அவர்கள் போனபின் நான் எழுந்து ஓடியபோது, எங்களை வேலை வாங்குகிற மண்டோர் தன் சட்டையைக் கழற்றி அவன் தலைமேல் போட்டிருந்தார்.

"வராத தங்கச்சி. பாக்குறதுக்கு அங்க ஒன்னும் இல்ல" என்றார்.

சட்டைக்குக் கீழே தெரிந்த கால்களை வைத்துத்தான் அவன் என்று நம்பினேன்.

போலீஸ் லாரி வந்து உடலை எடுத்துக்கொண்டு போனது. மறுநாள் அது ஆணி அடித்த பெட்டியாகத் திரும்பி வந்தது. திறக்கக் கூடாது என்று உத்தரவு. அம்மா பெட்டியின் மேல் விழுந்து ஆணியை நகத்தால் பிடுங்கப் பார்த்தாள். நகம் பெயர்ந்து வந்தது, ஆணி வரவில்லை. காவலுக்கு வந்தவன் துப்பாக்கிக் கட்டையால் அவள் தோளில் இடித்துத் தள்ளினான். அவள் அவன் புறங்கையைக் கடித்துவிட்டாள். இரண்டு பேரைப் போட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது. பெட்டியை அப்படியே இறக்கி மண்ணைத் தள்ளினார்கள்.

அன்று சாயங்காலம் லயத்து வாசலில் நின்று அம்மா எல்லோரும் கேட்கச் சொன்னாள்.

"எம்புள்ள மொகத்த நான் பாக்கல. மொகம் பாக்காம நான் தண்ணி வுட மாட்டேன்."

பதினாறாம் நாள் கருமாதி. எள்ளும் தண்ணீரும் விட்டால்தான் செத்தவன் போய்ச் சேருவான், இல்லாவிட்டால் வாசலிலேயே நிற்பான் என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. எங்கள் வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லாததால் அம்மாவே விடட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அவளோ முடியாது என்கிறாள். வெட்டுப்பட்டுச் செத்தவன் வாசலில் நின்றால் லயத்தில் யார் கண்ணை மூடித் தூங்குவார்கள்? அம்மாவின் பிடிவாதம் ஒரே நாளில் லயத்தின் பயமாக ஆகிவிட்டது. படையலுக்கு வைக்க ஒரு படம் இருந்தால் போதும், அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் விடுவாள் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்.

படத்துக்கு எங்கே போவது? என் தம்பி வாழ்நாளில் ஒரே ஒரு போட்டோதான் எடுத்துக்கொண்டான். அடையாள அட்டைக்காக அரசாங்கம் ஆள் அனுப்பி, ஆபீஸ் வாசலில் ஸ்டூல் போட்டு எடுத்தது. ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியின் பழைய கறுப்புக் கோட்டு பக்கத்தில் ஆணியில் தொங்கியது. ஆண்கள் எல்லோரும் வரிசையாக அதையே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்குள் எல்லோருடைய வியர்வையிலும் ஊறி அது கோட்டாகவே இல்லை. என் தம்பி ஒரு கையை விட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னால் நின்றவன் மறு கையை விட்டுவிட்டான். ஒரே கோட்டுக்குள் இருந்துகொண்டு இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் தம்பியின் கீழுதடு கிழிந்தது. ரத்தத்தைத் துடைத்துவிட்டு, துரை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டான். அந்த முகம்தான் ரப்பர் காட்டில் எரிந்துபோனது. சிரம்பான் ஆபீசில் இன்னொரு பிரதி இருக்கும், ஆனால் கேட்டு வாங்குவதற்குள் திவசமே வந்துவிடும் என்றார் கிராணி.

அன்றைக்குத்தான் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ வரைவியே."

 எத்தனையோ வருஷமாக அந்த வார்த்தை எங்கள் வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை.

சின்ன வயதில் நான் ஓயாமல் வரைந்துகொண்டிருந்தேன். லயத்துச் சுவருக்கு வருஷத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடிப்பார்கள். அடித்த மறுநாளே நான் அடுப்புக் கரியோடு நிற்பேன். மாடு, கோழி, கள்ளுக்கடை வரிசை, விடியலில் பேர் கொடுக்கப் பெரட்டில் நிற்கிற கூட்டம். ஆளைப் போட்டால் ஆள் தெரியும். அது ஒன்று எனக்கு நன்றாக வந்தது. ஒரு நாள், அப்பா விறகுக்கட்டையை ஓங்கிக்கொண்டு நிற்பதையும் கீழே அம்மா முழங்காலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு இருப்பதையும் போட்டேன். எங்கள் வீட்டில் நான் அதிகம் பார்த்த காட்சி அதுதான். தண்ணீர்க் குழாய்க்குப் போனவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். அப்பாவுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. படம் படிக்கத் தெரிந்தது.

என்னை மயிரைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். "புடிடி இவ கைய" என்றார் அம்மாவிடம். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களைக் கதவு நிலையில் வைத்தாள். அப்பா கதவைச் சாத்தினார். வலது கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் நசுங்கி ஒடிந்தன. எப்படி ஆயிற்று என்று மருந்து கட்டிய டிரஸ்ஸர் கேட்டார். "கதவு சாத்துனப்ப மாட்டிக்கிச்சி" என்றாள் அம்மா. அதில் பொய் ஒன்றும் இல்லை. அன்றைக்கே ஈரத்துணியால் அவளே சுவரைத் துடைத்தும் வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் நான் வரையவில்லை. கோணல் விரலோடு பால் வெட்டுகிற கத்தியைப் பிடிக்கப் பழகிக்கொண்டேன். பெண் பார்க்க வந்தவர்கள் என் முகத்துக்கு முன்னால் என் விரலைப் பார்த்தார்கள். கல்யாணமும் அதோடு சரி. அப்பாவை யுத்த காலத்தில் ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனான். அவர் திரும்பவில்லை. நாங்கள் அவ்வளவாக எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்ததைப் பற்றி நானும் அவளும் ஒரு நாளும் பேசியதில்லை. பத்தடி அறையில் ஒன்றாகப் படுத்து, ஒன்றாக எழுந்து, ஒரே சட்டியில் தின்றோம், பேசவில்லை.

அவள்தான் இப்போது வரையச் சொல்கிறாள்.

"எந்தக் கைய வச்சி வரையச் சொல்ற? இதயா?" என்று கத்தினேன். கழுவிக்கொண்டிருந்த, ரப்பர் பால் பிடிக்கிற பீங்கான் மங்கு கையில் இருந்தது. அதை எறிந்தேன். அது அவள் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் பட்டு உடைந்தது. நான் மேலே சொன்ன பரம்பரைச் சொத்தில் எனக்கும் பங்கு உண்டு. அம்மா தலையைக்கூட நகர்த்தவில்லை. அன்றிலிருந்து அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். என்னைக் கெஞ்சவில்லை, திட்டவில்லை. வேலைக்குப் போய்வந்து, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "பெத்தவளையும் சேத்துப் பொதைக்கப் போறியா?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு அவள்மேல் எரிச்சல், அம்மாமேல் ஆத்திரம், செத்தவன்மேலும்தான். கடைசியில் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தேன்.

முகம் வரவில்லை. கண்ணை மூடினால் மண்டோரின் சட்டைதான் தெரிந்தது, நடுவில் சிவப்பாக ஊறிக்கொண்டு. கூடப் பிறந்தவன், தினமும் எதிரில் உட்கார்ந்து சோறு தின்றவன். அவன் மூக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கையும் வரவில்லை. கரியைப் பெருவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டுதான் பிடிக்க முடிந்தது. இழுத்த கோடு ஒன்றும் நான் நினைத்த இடத்துக்குப் போகவில்லை.

அந்த நாட்களில் பிளேன் வந்து ரப்பர் காட்டின் மேல் நோட்டீஸ் கொட்டிவிட்டுப் போகும். சுட்டுக் கொன்ற காட்டுக்காரனின் படத்தைப் போட்டு, சரணடைந்துவிடு, இல்லாவிட்டால் உனக்கும் இதுதான் என்று எழுதியிருக்கும். நாங்கள் அதில் வெற்றிலை மடித்தோம், அடுப்பு மூட்டினோம். வீட்டில் கிடந்த ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, வாசல் சுவரில் அதைப் பார்த்து வரைந்தேன். அசையாத முகம், கை பழகுவதற்கு வசதி. முதலில் பூசணிக்காய் மாதிரி வந்தது. அழித்தேன். அடுத்ததற்குத் தாடை வந்தது. அழித்து மறுபடி போட்டேன். வேலை முடிந்து வந்து தினமும் அதுதான் வேலை. கரி உதிர்கிற சத்தமும் சுண்ணாம்பு வாசனையும் எனக்குள் எதையோ திறந்துவிட்டன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தம்பி மண்ணுக்குள் கிடக்க, அம்மா பட்டினி கிடக்க, எனக்குச் சந்தோஷம் வந்தது. என்னையே ஓங்கி அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

நோட்டீஸில் இருந்தவனின் கண்கள் மூடியிருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. அன்றைக்கு வந்தவர்களில் இவனும் ஒருத்தனோ என்று நினைத்ததும் கரியை அழுத்தினேன், அது ஒடிந்தது. செத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு தப்பித்துவிட்டான் என்று தோன்றியது. என்னைப் பார்க்கட்டும் என்று அவன் கண்களைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் போலீஸ்காரர்கள் லயத்தைச் சோதனை போட வந்தார்கள். அரிசி மூட்டையில் கத்தியை விட்டுக் கிளறினார்கள், பாயை உதறினார்கள். எங்கள் வாசலுக்கு வந்த ஒருவன் சுவரைப் பார்த்தான், பையிலிருந்து நோட்டீஸை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். நோட்டீஸில் செத்துக் கிடந்தவன் எங்கள் சுவரில் உயிரோடு விழித்துக்கொண்டிருந்தான். உயிரோடு பார்க்காதவளுக்கு அந்தக் கண் எப்படித் தெரியும் என்று அவர்களுக்குச் சந்தேகம். என் கொண்டையைப் பிடித்து இழுத்து லாரியில் ஏற்றினார்கள். குறுக்கே வந்த அம்மாவை வயிற்றில் உதைத்தார்கள்.

ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்கார ஆபீசர் மேசைக்குப் பின்னால் இருந்தார். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல ரஹாங் பக்கத்துத் தமிழர் ஒருவர், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். சுவரில் இருந்த முகத்தை முதலில் ஒரு தாளில் மறுபடி வரையச் சொன்னார்கள். வரைந்தேன்.

"இவன ஒனக்கு எப்படிமா தெரியும்?" என்றார் தமிழர்.

"தெரியாது."

"தெரியாமதான் கண்ணு போட்டியா? நோட்டீஸ்ல கண்ணே இல்ல லா."

"மூடிட்டா கண்ணே இல்லன்னு ஆயிடுமா?"

அதற்குக் கன்னத்தில் விழுந்தது. வாயால் எனக்குக் கிடைத்ததெல்லாம் அடிதான். காது ரீங்காரமிட்டது. எங்கே வைத்து அவனுக்குச் சோறு போட்டாய், எந்தப் பாதையில் வருவான் என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். என் தம்பியை வெட்டியதே அவர்கள்தான் என்றேன். ஆபீசர் ஏதோ சொன்னார். தமிழர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அவன நீயே காட்டிக் குடுத்தியான்னு கேக்குறாரு."

நான் மேசைமேல் பாய்ந்தேன். மைக்கூடு கவிழ்ந்தது. பின்னாலிருந்து பிடித்து, கையை மேசையில் விரித்துவைத்து, பிரம்பால் அடித்தார்கள். பிரம்பு கோணல் விரல்களின் மேலேயே விழுந்தது. இனிமேல் ஒடிவதற்கு அங்கே ஒன்றும் பாக்கி இல்லை என்று நினைத்துக்கொண்டேன். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது.

தமிழருக்கு என்ன தோன்றியதோ, ஒரு பிணத்தின் போட்டோவை எடுத்து என் முன்னால் வைத்தார். "இந்த ஆள உசுரோட எனக்குத் தெரியும். எங்க பக்கத்துல கட வச்சிருந்தவன். இவன் கண்ணத் தொற, பாப்போம்" என்றார். பென்சிலைக் கொடுத்தார். வீங்கிய கையால் வரைந்தேன். ரத்தம் தாளில் சொட்டியது, துடைத்துவிட்டு வரைந்தேன். முடித்ததும் எடுத்துப் பார்த்தார்.

"இவனுக்கு ஒரு கண்ணு பூ விழுந்த கண்ணு" என்றார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். ஆபீசரிடம் காட்டினார், அவரும் சிரித்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணப் போட்டிருக்க. ஒனக்கு இவன்களத் தெரியாதுதான். ஆமா, யாரு கண்ணுமா இது?"

நான் குனிந்து பார்த்தேன். இடது இமை மட்டும் கொஞ்சம் இறங்கின கண். பாதித் தூக்கத்திலிருந்து எழுந்து சண்டைக்கு வருகிற மாதிரி ஒரு பார்வை. என் தம்பி. அவனைத் தேடித் தேடிக் கிடைக்காமல், அவனைக் கொன்ற கூட்டத்துக்கெல்லாம் அவன் கண்ணையே வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பெட்டியைப் பார்த்தபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஸ்டேஷனில், அந்த மேசையில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். அவர்களுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"போமா. இனிமே வரையிறதா இருந்தா சாமி படம் வரை லா" என்று சொல்லி அனுப்பிவைத்தார் தமிழர்.

கேட் பூட்டுவதற்குள் எஸ்டேட் லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். வாசலில் சுவர் ஈரமாக, வெறுமையாக இருந்தது. அம்மா துடைத்து வைத்திருந்தாள். அன்றைக்குப் போலவே. எனக்கு அப்படியே அவள் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து என் கன்னத்தையும் கையையும் பார்த்தாள். 

"அட்டப் பொட்டி ஏதாச்சும் இருந்தா எடு" என்று மட்டும் சொன்னேன்.

பால் டின் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்து, அதன்மேல் சுண்ணாம்பு பூசிக் காயவைத்தேன். கருமாதிக்கு முதல் நாள் மத்தியானம் உட்கார்ந்தேன். இந்த முறை கண்ணிலிருந்து ஆரம்பித்தேன். கண்கள் வந்ததும் மற்றதெல்லாம் தானாக வரும் என்று நம்பினேன். அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கோட்டுப் போட்டு வரை. எம்புள்ளய வெறும் ஒடம்போட வைக்காத" என்றாள்.

கோட்டுப் போட்டேன். காலர் எல்லாம் வைத்து, முடியைப் படிய வாரி, முகத்தைத் துப்புரவாக வரைந்து அவள் பக்கம் திருப்பினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணு அவன்தான். மூஞ்சி யாரோ" என்றாள்.

"அப்பறம் என்னதான் வேணும் ஒனக்கு?"

"ஒரு அடியும் வாங்காத மூஞ்சிய வரைஞ்சி வச்சிருக்க. இப்புடி ஒரு மூஞ்சி நம்ம வூட்ல யாருக்குடி இருக்கு?"

பக்கத்தில் நகர்ந்து வந்தாள். ஆணியில் நகம் பெயர்ந்த விரலை, அட்டையில் படாமல், படத்துக்கு மேலே வைத்துக் காட்டினாள். புருவத்தில் ஒரு வெட்டு: அம்மாவைக் குறிவைத்து அப்பா எறிந்த பித்தளைச் சொம்பு தவறிப்போய் அவன்மேல் பட்டது. போட்டேன். மூக்குத் தண்டு இடது பக்கம் சாய்ந்திருக்கும்: வேலைக்குத் தாமதமாக வந்ததற்குத் தண்டல் அடித்தது. சாய்த்தேன். கீழுதட்டில் கோட்டுச் சண்டையில் கிழிந்தது. அவள் சொல்லச் சொல்ல, நான் போடப் போட, அவன் வந்துகொண்டே இருந்தான். அவனை அவனாக்கியது யாரோ கொடுத்த அடிகள்தான். என்னால் நிறுத்த முடியவில்லை.

"காதுக்குக் கீழ" என்றாள் அம்மா. "வளைஞ்சாப்புல ஒன்னு இருக்குமே."

"எண்ணெ தெறிச்சதுதான?"

அம்மா விரலை எடுத்துக்கொண்டாள். படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எண்ணெ இல்ல. கரண்டிக் காம்பு. நாந்தான் வச்சேன். ஒன் கை ஒடைஞ்சி கட்டுப் போட்டிருந்த சமயம். நீ உள்ள படுத்திருந்த. இவன் ஒன் கரிய எடுத்துக்கிட்டுப் போயி செவுத்துல மாடு போட்டிருந்தான். நல்லாத்தான் போட்டிருந்தான். ஒங்கப்பன் வர்ற நேரம். கரண்டியக் காய வச்சி இழுத்துட்டேன். அப்பறம் அவன் கரியத் தொடல."

 அவன் வரைந்தான் என்பதே எனக்குத் தெரியாது.

"கையில வச்சா நாளைக்கி வேல செய்ய முடியாதுல்ல. அதான் மூஞ்சில வச்சேன்" என்றாள்.

அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. "மேல் பக்கம் வளையுமா, கீழ் பக்கமா?" என்று கேட்டேன். மேல் பக்கம் என்றாள். அவள் பெற்ற பிள்ளைக்கு அவள் வைத்த சூட்டை, அவள் சொன்ன இடத்தில் சொன்னபடி வரைந்தேன். முடித்ததும் அம்மா, "அந்தக் கோட்ட எடுத்துரு. ஊருல எல்லாவனும் போட்ட கோட்டு" என்றாள். எச்சில் தொட்டு அழித்து, அவன் தோளை வெறும் தோளாக வரைந்துவிட்டேன். கரி உதிராமல் இருக்கச் சோற்றுக் கஞ்சியைத் தெளித்து நிழலில் காயவைத்தோம். அன்றைக்கு மிஞ்சிய கஞ்சியை அம்மா குடித்தாள்.

மறுநாள் காலையில் லயமே எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தது. இலை போட்டு, அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் சோறும் படைத்து, பின்னால் சுவரில் அந்த அட்டையைச் சாத்தி மாலை போட்டிருந்தோம். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அதுதான் பிரச்சினை. பக்கத்து வீட்டுக்காரிக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏன்க்கா, செத்தவன இப்புடியா வைப்பாங்க? வடுவெல்லாம் மறைச்சி, ஒரு கோட்டப் போட்டு லட்சணமா வரைஞ்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

அம்மா அவளுக்குப் பதில் சொன்னாள். வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "புருவத்துல இருக்குறது இவன் அப்பன் போட்டது. மூக்கு தண்டல் ஒடைச்சது. ஒதடு, இந்தா உக்காந்திருக்கானே, இவன் கிழிச்சது." கோட்டுக்காகச் சண்டை போட்டவன் தலையைக் குனிந்துகொண்டான். "காதடியில இருக்குறது நான் வச்ச சூடு."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி மணிக்கட்டைப் பிடித்தாள். அதே கை, அதே இடம்.  உதறினேன், அவள் விடவில்லை. என் கையைத் தூக்கி, வீங்கிய கோணல் விரல்களைக் கூட்டத்துக்குக் காட்டினாள்.

"கதவச் சாத்துனது இவ அப்பன். கையப் புடிச்சிக் குடுத்தது நான்."

 என் கையை மெதுவாக என் மடியிலேயே இறக்கி வைத்தாள். பிறகு எள்ளைக் கையில் எடுத்துக்கொண்டு, மகன் முகத்தைப் பார்த்தபடியே தண்ணீர் விட்டாள்.